தும்மலுக்கு ஐந்து குற்றச்சாட்டுகள்

மார்ச் 4, செவ்வாய்.

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். வகுப்புக்கு நேரமாகிவிட்டதென்று ஓடி வந்த அவசரத்தில், எழுதி முடித்த வீட்டுப்பாடத்தை அலுவலக மேசையிலேயே விட்டுவிட்டேன். ஆசிரியரிடம் நாளை தருவதாகச் சொன்னேன். அவரும் சரி என்றார். காலையில் போனதும் முதல் வேலையாக அதை எடுத்துப் பையில் வைத்துவிட வேண்டும். மற்றபடி நாள் நன்றாகவே போயிற்று.

இப்படி எழுதிவிட்டு, ‘சிறு’ என்ற சொல் சரிதானா என்று பேனாவைக் கடித்தபடி யோசித்து, சரிதான் என்று முடிவு கட்டி, விளக்கை அணைத்துப் படுத்தாள் அவள். அந்த முடிவுதான் அன்று அவள் செய்த பெரிய தவறு.

பகலில் அவள் அரசு வழக்கறிஞரின் அலுவலகத்தில் எழுத்து வேலை பார்த்தாள். மாலையில் சட்ட வகுப்பு. படிப்பு முடிய இன்னும் நாளிருந்தாலும் அலுவலகத்தில் எல்லோரும் அவளைச் ‘சின்ன வக்கீல்’ என்றுதான் கூப்பிட்டார்கள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவாள். பூட்டினோமா என்று திரும்பி வந்து பார்ப்பாள். பார்த்தபோது சரியாகப் பார்த்தோமா என்று பேருந்தில் ஏறிய பிறகு கவலைப்படுவாள். எதையும் வரிசையாகச் செய்கிற பெண். செய்து முடித்த பிறகு வரிசையைச் சந்தேகப்படுகிற பெண்.

வீட்டுப்பாடம் இதுதான். கண்ணெதிரே நடந்த ஏதாவது ஒரு சின்ன சம்பவத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். அதன்மீது சட்டப்படி எத்தனை குற்றச்சாட்டுகள் ஏற்ற முடியும் என்று பார்த்து, உண்மையான குற்றப்பத்திரிகை போலவே எழுத வேண்டும், அடியில் அரசு வழக்கறிஞர் கையெழுத்துக்கு இடம் விட்டு. அதற்கும் பிறகு, தனித் தாளில், அவற்றில் எத்தனை நிற்கும் என்று சொந்தக் கருத்தைச் சொல்ல வேண்டும்.

அவள் எடுத்துக்கொண்ட சம்பவம் ஒரு தும்மல்.

அதற்கு முந்தைய வாரம் நீதிமன்றத்தில் கலப்பட மிளகுத்தூள் வழக்கு நடந்தது. வாதாடியவர் அவளுடைய ஐயா, அதாவது அரசு வழக்கறிஞர். குரலின் காரணமாக அந்த வட்டாரத்தில் அவருக்கு ‘இடி’ என்று பெயர். வாதத்தின் உச்சத்தில் இடி, சான்றுப் பொருளான மிளகுத்தூள் பொட்டலத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். “இதோ, மிளகே இல்லாத மிளகுத்தூள்!” என்று முழங்கியபடி அதைச் சடாரென்று பிரித்தார்.

முன்வரிசை பெஞ்சில் ஒரு பள்ளிப் பேருந்து ஓட்டுநர் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். அந்த வழக்குக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தப்பான இடத்தில் வண்டியை நிறுத்தியதற்கு அபராதம் கட்ட வந்தவர். தூள் காற்றில் மிதந்து வந்து அவர் மூக்குக்குள் போயிற்று. மிளகே இல்லாத தூளில் எங்கோ கொஞ்சம் மிளகு இருந்திருக்க வேண்டும். ஓட்டுநர் திடுக்கிட்டு விழித்துத் தும்மினார்.

அதைத் தும்மல் என்று சொல்வது மரியாதைக் குறைவு. மேசைமேல் இருந்த காகிதங்கள் எழுந்து பறந்தன. பொட்டலத்தில் மிச்சமிருந்த தூள் முழுவதும் இடியின் கறுப்பு அங்கியில் போய் அப்பிக்கொண்டது. இடிக்கு அடுத்த வாக்கியம் மறந்துபோயிற்று. அதற்கு அடுத்ததும் மறந்துபோயிற்று. சான்றுப் பொருள் அங்கிமேல் இருக்கிறதே, அதை எப்படி வரிசை எண் போட்டுக் கோப்பில் சேர்ப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. வழக்கு தள்ளிவைக்கப்பட்டது. வாசல் காவலர் ஓட்டுநரின் பெயரையும் முகவரியையும் கேட்டு எழுதிக்கொண்டார். பக்கத்தில் நின்ற சின்ன வக்கீலும் அதை விடாமல் குறித்துக்கொண்டாள். வீட்டுப்பாடத்துக்கு முகவரி தேவையே இல்லை. ஆனால் காதில் விழுந்த ஒன்றைக் குறிக்காமல் விட அவளால் முடியாது.

முதல் தாளின் தலையில் ஓட்டுநரின் பெயரும் முகவரியும் போட்டு, தாளுக்கு ஒன்றாக ஐந்து குற்றச்சாட்டுகள் எழுதினாள். முதலாவது, பொது இடத்தில் தொல்லை விளைவித்தது. இரண்டாவது, அரசுப் பணியாளரைப் பணி செய்யவிடாமல் தடுத்தது. மூன்றாவது, காற்றையும் ஈரத்தையும் கொண்டு தாக்கியது. நான்காவது, சான்றுப் பொருளை அழித்தது. ஐந்தாவது, நோய் பரப்ப முயன்றது. கூட்டுச்சதியையும் சேர்க்கலாமா என்று வெகுநேரம் யோசித்தாள்; சதிக்குக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும், மூக்கைத் தனி ஆளாகக் கணக்கில் கொள்ள முடியாது என்பதால் விட்டுவிட்டாள். ஐந்தாம் தாளின் அடியில் கையெழுத்துக்கு இடம் விட்டாள். ஆறாம் தாளில் தன் கருத்தை எழுதினாள்: “இவற்றில் ஒன்றுகூட நிற்காது. தும்மியவர் தூங்கிக்கொண்டிருந்தார். தும்மலுக்குக் காரணம் மிளகுத்தூள் பொட்டலம் பிரிக்கப்பட்டது. அதைப் பிரித்தவர் அரசு வழக்கறிஞர். யார்மீதாவது வழக்குப் போட வேண்டுமென்றால் யோசிக்க வேண்டியது அவரைப் பற்றித்தான்.”

எழுதிய பிறகு ‘யோசிக்க வேண்டியது’ என்பதை ‘யோசிக்கக்கூடியது’ என்று மாற்றலாமா என்று யோசித்தாள். அந்த யோசனையில்தான் வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

மறுநாள் காலை அவள் போனபோது மேசை துடைத்து வைத்தாற்போல் சுத்தமாக இருந்தது. அவள் இழுப்பறைகளையும் திறந்து பார்த்தாள், இல்லை.

“அண்ணே, இங்க ஒரு கட்டு தாள் வச்சிருந்தேனே?” என்று குமாஸ்தாவைக் கேட்டாள்.

குமாஸ்தாவுக்கு அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் பெருமை. “அந்தக் கேஸா? ஐயா கையெழுத்து ஆயிடுச்சும்மா. கோர்ட்டுக்கும் போயிடுச்சு. காலைல நானே கொண்டு போய்க் கொடுத்தேன். அழகா எழுதியிருந்தே! தாளுக்கு ஒண்ணு, இடைவெளி விட்டு, கோடு போட்டு… இந்த ஆபீஸ்ல இப்படி யாரு எழுதறா சொல்லு?”

“அண்ணே, அது வீட்டுப்பாடம்!”

“அதனாலதான் அவ்வளவு சுத்தமா இருக்கா? நானும் பார்த்தேன், எங்கயும் டீக்கறையே காணோமேன்னு.”

இந்த இடத்தில் அந்த அலுவலகத்தில் கையெழுத்து வாங்கும் முறையைச் சொல்லிவிட வேண்டும். ஐயாவுக்கு நேரம் பொன்போன்றது. அதைக் கோப்பு படிப்பதில் வீணாக்கக் கூடாது என்பது குமாஸ்தாவின் கொள்கை. ஆகையால் ஒவ்வொரு கட்டையும் கையெழுத்துப் போடும் தாளில் திறந்து, கூரை ஓடு வேய்வதுபோல ஒன்றன்மேல் ஒன்றாகச் சரித்து, கையெழுத்து இடம் மட்டும் வெளியே தெரியும்படி நீலத் தட்டில் அடுக்கிவைப்பார். ஐயா மாலையில் வீட்டுக்குக் கிளம்பும் முன் நின்ற வாக்கில் மேலிருந்து கீழ்வரை ஒரே ஓட்டமாகப் போட்டுக்கொண்டு போவார். பார்க்க, தையல் இயந்திரம் ஓடுவதுபோல இருக்கும். யார் சிறைக்குப் போக வேண்டும், யார் வீட்டுக்குப் போகலாம் என்பதெல்லாம் அந்த ஓட்டத்தில் தீர்மானமாகும். கையெழுத்துக்குப் பின்னால் வரும் தாள்களை நீதிமன்றத்துக்கு அனுப்பும் வழக்கமில்லை. அவை அலுவலகக் கோப்பிலேயே தங்கும். ஆறாம் தாளும் அப்படித்தான் தங்கிவிட்டது.

நீதிமன்ற அலுவலகத்தில் இடியின் கையெழுத்தைப் பார்த்தால் முத்திரை தானாகவே வந்து விழும். விழுந்திருந்தது. ஓட்டுநருக்குச் சம்மனும் கிளம்பிவிட்டது.

அவள் ஐயாவின் அறைக்குள் போய் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். நடுவில் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டாள். வரிசை மட்டும் தவறவில்லை.

 இடி கையை நீட்டி, “எங்கே, கொடு பார்க்கலாம்,” என்று அலுவலகப் பிரதியை வாங்கிப் படித்தார். அவர் ஒரு கோப்பை முதல் வரியிலிருந்து படிப்பதை அவள் அன்றுதான் பார்த்தாள். முதல் தாளில் புருவம் உயர்ந்தது. இரண்டாம் தாளில் தலை ஆடியது. மூன்றாம் தாளில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

“‘காற்றையும் ஈரத்தையும் கொண்டு தாக்கியது.’ அடடா! இது எனக்குத் தோணலையே!”

“ஐயா, அது சும்மா பாடத்துக்காக…”

“சும்மாவா? என் அங்கியை ரெண்டு தடவை சலவைக்குப் போட்டேன், இன்னும் கழுத்தோரம் எரியுது. அந்தாளு மேல கேஸ் போடாம விட்டதே என் பெருந்தன்மைதான்.”

“அப்போ வாபஸ் வாங்க மாட்டீங்களா ஐயா?”

“வாபஸ் வாங்கணும்னா கோர்ட்ல காரணம் சொல்லணும். என்ன காரணம் சொல்றது? படிக்காம கையெழுத்து போட்டேன்னா?” இடி அவளை ஏற இறங்கப் பார்த்தார். “போலீஸ்காரனை நான் கேள்வி கேப்பேன். சாட்சியை நான் கேள்வி கேப்பேன். குற்றவாளியை நான் கேள்வி கேப்பேன். என்னை யாரு கேள்வி கேக்கறது?”

அவள் உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள். பாடப்புத்தகத்தில் அதற்கு ஒரு அத்தியாயம் இருந்தது. சின்ன அத்தியாயம். அதையும் தேர்வுக்கு வராது என்று ஆசிரியர் தாண்டிப் போயிருந்தார்.

இதற்குள் இடி ஆறாம் தாளுக்கு வந்திருந்தார். தாளைத் திருப்பி அவளுக்குக் காட்டினார்.

“இது என்ன?”

“என்… என் கருத்துங்க ஐயா.”

“இது வெளியே போகக் கூடாது.”

“கோப்புல இருக்கறது எதுவா இருந்தாலும், எதிராளிக்குச் சாதகமா இருந்தா அவருக்கு ஒரு பிரதி கொடுக்கணும்னு சட்டம்…”

“சாட்சியமா இருந்தா கொடுக்கணும். இது உன் கருத்து. உன் கருத்தையெல்லாம் ஊருக்குப் பிரதி போட்டுக் கொடுத்துட்டு இருக்க முடியுமா?”

“பொட்டலத்தை நீங்க பிரிச்சீங்கங்கிறது கருத்து இல்லையே ஐயா,” என்றாள். சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது.

இடி ஆறாம் தாளைக் கட்டிலிருந்து உருவி அவளிடம் நீட்டினார். “கிழிச்சுப் போடு.”

அவள் அதை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். குப்பைக்கூடை வரை போனாள். எண் போட்ட ஒரு தாளை அவள் வாழ்நாளில் கிழித்ததில்லை. ‘6’ என்று மூலையில் அழகாக எழுதி வட்டம் வேறு போட்டிருந்தாள். பிறகு கிழித்துக்கொள்ளலாம் என்று மடித்துப் பையில் வைத்தாள்.

அடுத்த வாரம் ஓட்டுநரும் அவருடைய அக்காவும் அலுவலகத்துக்கு வந்தார்கள். ஓட்டுநர் ஆள் தேக்குமரம் மாதிரி, குரல் மட்டும் பூனைக்குட்டி மாதிரி. அக்கா அவர் தோளுயரம்கூட இல்லை. ஆனால் கதவைத் திறந்துகொண்டு முதலில் நுழைந்தது அக்காவின் குரல்தான்.

“யாருங்க இங்க தும்மலுக்குக் கேஸ் போடறது? இருமலுக்குத் தனி ஆபீஸா, இல்ல அதுவும் இங்கதானா?”

சின்ன வக்கீல் அவர்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். ஓட்டுநர் சம்மனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

“கேஸ் வந்த அன்னைக்கே என்னை வண்டியிலேருந்து இறக்கிட்டாங்கம்மா,” என்றார். “கேஸ் இருக்கறவன் பள்ளிக்கூடப் பிள்ளைங்களை ஏத்திட்டுப் போகக் கூடாதாம். தோத்துட்டா ஒரேயடியா வேலை போயிடும். எனக்கு வேற தொழில் தெரியாதும்மா. வண்டி ஓட்டறது மட்டும்தான் தெரியும்.”

“அதான் வீட்டை ஓட்டறான்,” என்றாள் அக்கா. “காலைல எல்லாரையும் வரிசையா நிக்கவச்சுத்தான் சாப்பாட்டு மேசைக்கு விடறான். என் வீட்டுக்காரர் நின்னுக்கிட்டுச் சாப்பிட்டா, ‘உட்காருங்க மாமா, வண்டி கிளம்புது’ங்கறான். நேத்து நான் சமையலறையிலேருந்து பின்னாடி நடந்து வந்தேன், ‘வரலாம் வரலாம், லெஃப்ட்ல ஒடிங்க’ன்னு கைகாட்டறான். எனக்கு என் தம்பி வேணும்தான். ஆனா வண்டியில வேணும்.”

இடி அவர்களை உள்ளே கூப்பிட்டார். மேசைமேல் ஐந்து தாள்களையும் சீட்டுக்கட்டை விரிப்பதுபோல விரித்துவைத்திருந்தார்.

“அஞ்சு குற்றச்சாட்டு. எல்லாம் நிரூபணம் ஆனா வருஷக்கணக்குல உள்ளே இருக்கணும். ஆனா நான் நல்லவன். ஏதாவது ஒண்ணை ஒத்துக்குங்க. மத்த நாலையும் விட்டுடறேன். முதலாவதை எடுத்துக்குங்களேன், அதுதான் சின்னது. எச்சரிக்கையோட முடிஞ்சிடும்.”

“இது என்ன, துணிக்கடைத் தள்ளுபடியா?” என்றாள் அக்கா. “நாலு விட்டவருக்கு அஞ்சாவதை விட மனசு வராதா?”

“அம்மா, இது சட்டம்.”

“சட்டம்னா கறாரா ஒரே விலை சொல்லணும். பேரம் பேசறீங்களே!”

ஓட்டுநர் மெல்லக் கேட்டார்: “சின்னதை ஒத்துக்கிட்டா வண்டி ஓட்டலாமாங்க ஐயா?”

இடி கண்ணாடியைத் துடைத்தார். ஓட்டுநர் சின்ன வக்கீலைப் பார்த்தார். அவள் இல்லையென்று தலையசைத்தாள். சின்னதோ பெரிதோ, குற்றத்தை ஒத்துக்கொண்டவரைப் பள்ளிப் பேருந்தில் ஏற்ற மாட்டார்கள்.

“ஒத்துக்காம தோத்துட்டா?”

“உள்ளே,” என்றார் இடி.

ஓட்டுநர் ஐந்து தாள்களையும் மாறி மாறிப் பார்த்தார். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுச்சந்து. “நான் தும்மினது நிஜம்தாங்க,” என்றார். “ஆனா ஏன் தும்மினேன்னுதான் தெரியல. நான் தூங்கிட்டு இருந்தேன். முழிச்சப்போ நீங்க வெள்ளை வெளேர்னு… இல்ல, சாம்பல் கலர்ல நின்னுட்டு இருந்தீங்க.”

அப்போது ஜன்னலோரம் அடுக்கியிருந்த பழைய கோப்புகளின் தூசி அவர் மூக்கை எட்டியது. முகம் மெல்லச் சுருங்கியது. அக்கா பாய்ந்து முந்தானையால் அவர் மூக்கைப் பொத்தினாள். “இங்க வேண்டாண்டா! ஆறாவது போட்டுடுவாரு!” இடி தன் அங்கியை எடுத்துக்கொண்டு அலமாரிக்குப் பின்னால் போய் நின்றார். ஓட்டுநர் தும்மலை விழுங்கிவிட்டார். கண்ணில் நீர் வந்துவிட்டது. அது தும்மலால் மட்டும் வந்ததா என்று சின்ன வக்கீலுக்குத் தெரியவில்லை.

“யோசிச்சு சொல்லுங்க,” என்றார் இடி, அலமாரிக்குப் பின்னாலிருந்தே. “கேஸ் எடுக்கற அன்னைக்குக் காலை வரைக்கும் டைம்.”

வீட்டில் அவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா தட்டைப் பார்த்தாள்.

“என்னடி, யாராவது ஏதாவது சொன்னாங்களா?”

“யாரும் சொல்லலம்மா. நான்தான் சொல்லணும். சொன்னா வேலை போயிடும்.”

“சொல்லலேன்னா?”

“வேற ஒருத்தர் வேலை போயிடும்.”

அம்மா குழம்பை ஊற்றிக்கொண்டே யோசித்தாள். “அவருக்கு எத்தனை பிள்ளைங்க?”

“ஒரு வண்டி நிறைய,” என்றாள் அவள்.

வழக்கு எடுக்கப்பட்ட அன்று புதிய நீதிபதி. பழையவர் நீண்ட விடுப்பில் போயிருந்தார். இந்த அம்மா சத்தமே போடமாட்டார். சின்னக் கேள்வியாகக் கேட்பார். கேட்டுவிட்டுப் பேனாவை மூடிவைத்துக் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பில் பெரிய பெரிய வக்கீல்களுக்கே வேர்த்துவிடும்.

“வக்கீல் வைக்கலையா?”

“தும்மலுக்கு எதுக்கும்மா வக்கீல்னு விட்டுட்டோம்,” என்றாள் அக்கா.

“நீங்க யாரு?”

“அக்கா.”

“சரி, நில்லுங்க. குற்றத்தை ஒத்துக்கறீங்களா?”

ஓட்டுநர் வாயைத் திறந்தார், மூடினார். அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தாள். ஒத்துக்கொள்ளப் போகிறார் என்று சின்ன வக்கீலுக்குத் தெரிந்துவிட்டது. உதடு ‘ஒ’ என்று குவிந்திருந்தது.

நீதிபதி ஐந்து தாள்களையும் புரட்டினார். “இருங்க, அதுக்கு முன்னாடி ஒண்ணு. நாலாவது. சான்றுப் பொருளை அழிச்சதுன்னு இருக்கு. மூடியிருக்கற பொட்டலம் தும்மலுக்கு எப்படிப் பறக்கும்? அதைப் பிரிச்சது யாரு?”

“கனம் நீதிபதி அவர்களே,” என்று இடி முழங்கினார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. “அது இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லாத விஷயம்!”

“சம்பந்தம் இருக்கா இல்லையான்னு நான் பார்த்துக்கறேன். யாரு பிரிச்சது?”

“பொட்டலம்… பிரிந்த நிலையில் இருந்தது.”

நீதிபதி பேனாவை மூடிவைத்தார்.

சின்ன வக்கீல் எழுந்தாள். எழுந்தது சரியா என்று சந்தேகம் வந்தது. உட்கார்ந்துவிடலாமா என்று பார்த்தாள், முழங்கால் மடங்கவில்லை. சரி, நிற்கிறோம், நின்றதற்கு ஒரு வேலை செய்வோம் என்று பையைத் திறந்து மடித்த தாளை எடுத்துக்கொண்டு நடந்தாள். நீதிபதியிடம் போகவில்லை. பாதையைக் கடந்து ஓட்டுநரிடம் போனாள்.

“இது உங்களுக்கு வர வேண்டியது,” என்றாள். “கொடுக்காம விட்டுட்டோம்.”

ஓட்டுநர் அதை வாங்கிப் பிரித்தார். “உரக்கப் படிங்க,” என்றார் நீதிபதி. ஓட்டுநர் நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று போகிற வண்டிபோல ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். “அதைப்… பிரித்தவர்… அரசு… வழக்கறிஞர்” என்ற இடத்தில் பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். “யோசிக்க வேண்டியது அவரைப் பற்றித்தான்” என்று முடித்துவிட்டு, “இது நல்லா இருக்கே!” என்று தன்னிச்சையாகச் சொல்லிவிட்டார்.

இடி துள்ளி எழுந்தார். “ஆட்சேபணை! அது ஆவணமே இல்லை! மாலை வகுப்பு மாணவி ஒருத்தியின் வீட்டுப்பாடம். விளையாட்டாக எழுதியது. அதைப் போய் இந்த நீதிமன்றம் ஒரு பொருட்டாக…”

“வீட்டுப்பாடமா?”

“ஆமாம்! வெறும் வீட்டுப்பாடம்!”

நீதிபதி ஆறாம் தாளைக் கேட்டு வாங்கினார். ஐந்தாம் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் வெளிச்சத்தில் பார்த்தார். ஒரே கையெழுத்து. ஒரே பேனா. மூலையில் ஒரே மாதிரி வட்டம். ஒன்றில் 5, ஒன்றில் 6.

“ஆறாவது தாள் வீட்டுப்பாடம்னா,” என்றார் நிதானமாக, “முதல் அஞ்சு தாள் என்ன?”

 ஓட்டுநர் மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

“அது…” என்றார் இடி.

நீதிபதி காத்திருந்தார்.

“அதுவும்…” இடி அங்கியின் கழுத்தைத் தளர்த்திக்கொண்டார். “அதுவும் வீட்டுப்பாடந்தான்.”

“அடியில இருக்கற கையெழுத்து?”

“என்னுடையது.”

“மாலை வகுப்புல நீங்களும் சேர்ந்திருக்கீங்களா?”

“இல்லை.”

“அப்போ படிச்சுட்டுப் போட்டீங்களா, படிக்காம போட்டீங்களா?”

இடி சுற்றுமுற்றும் பார்த்தார். குமாஸ்தா மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன வக்கீல் அவரை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் கோபமில்லை, கெஞ்சல்தான் இருந்தது. ஓட்டுநரோ சம்மனை நான்காக மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். அந்தப் பெரிய கைகளில் அந்தச் சின்னக் காகிதம் நைந்து போயிருந்தது. இடி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“படிக்காம,” என்றார்.

“கேக்கல.”

அந்த வட்டாரத்தில் இடியைப் பார்த்து இப்படிச் சொன்னவர் அதுவரை யாருமில்லை.

“படிக்காமதாம்மா போட்டேன். அப்புறம் படிச்சேன். படிச்சதும் வாபஸ் வாங்கியிருக்கணும். வாங்கல. இப்ப வாங்கறேன்.” இடி தூறலாகிப் போயிருந்தது. “பொட்டலத்தையும் நான்தான் பிரிச்சேன்.”

“பதிவு பண்ணிக்கங்க,” என்றார் நீதிபதி. “வழக்கு முடிஞ்சுது. இவரை வேலைக்குச் சேர்த்துக்கச் சொல்லி பஸ் கம்பெனிக்கு நீங்களே உங்க கைப்பட எழுதணும். இன்னைக்கே. யாருகிட்டயும் எழுதி வாங்கிக் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பக் கூடாது.” பிறகு குமாஸ்தாவின் பக்கம் திரும்பினார். “இது கையெழுத்தான அன்னைக்கு, அதே தட்டுல வேற என்னென்ன இருந்துச்சு?”

குமாஸ்தா தொண்டையைச் செருமினார். “ஒரு… கட்டு இருக்கும்மா. கொஞ்சம் பெரிய கட்டு.”

“எல்லாத்தையும் ஐயா படிக்கணும். எது நிக்கும், எது நிக்காதுன்னு திங்கட்கிழமை என்கிட்ட எழுதிக் கொடுக்கணும். ஒவ்வொண்ணுலயும் ஒரு ஆள் இருக்காரு.” நீதிபதி கடைசியாகச் சின்ன வக்கீலைப் பார்த்தார். “உங்க வாத்தியார் மார்க் போட்டுட்டாரா?”

“இன்னும் கொடுக்கவே இல்லம்மா. உங்ககிட்டதான் இருக்கு.”

“ஐயய்யோ,” என்றார் நீதிபதி. முதல்முறையாக அவர் குரலில் பதற்றம் தெரிந்தது. “பிரதி எடுத்துக்கிட்டுத் தரேன்.”

வெளியே வராந்தாவில் அக்கா தம்பியின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். சந்தோஷம் வந்தால் அவளுக்குக் கைதான் பேசும். “நாளைக்கே வண்டி எடு. என் வீட்டை இன்னும் ஒரு நாள் நீ ஓட்டினா நான் இறங்கிடுவேன்.” ஓட்டுநர் சின்ன வக்கீலின் முன்னால் வந்து நின்றார். நன்றி சொல்ல வாயைத் திறந்தார். முகம் சுருங்கியது. எல்லோரும் ஒதுங்கினார்கள். வராந்தா முழுக்க எதிரொலிக்கிற மாதிரி அவர் ஒரு தும்மல் போட்டார். இரண்டு வாரமாக அடக்கிவைத்தது. வாசல் காவலர் எழுந்து நின்றார், யோசித்தார், மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

கூட்டம் கலைந்த பிறகு இடி மட்டும் தூணோரம் நின்றார். அவள் பையை இறுகப் பிடித்தபடி அருகில் போனாள்.

“என்னை வேலையை விட்டு நிறுத்திடுவீங்களா ஐயா?”

“நிறுத்தணும்னா ஒரு உத்தரவு தயார் பண்ணணும்,” என்றார் அவர். “அதைப் படிச்சுட்டுத்தான் கையெழுத்து போடணும். எனக்கு இப்ப படிக்கற தெம்பு இல்ல.” சற்று நடந்துவிட்டு நின்று, திரும்பிப் பார்க்காமலே கேட்டார்: “அந்தக் கட்டு ரொம்பப் பெரிசா?”

“பெரிசுதாங்க ஐயா.”

“நீ படி. நான் கேக்கறேன். நடுவுல நான் தூங்கினா எழுப்பு.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “தூங்கறவங்களைப் பத்தி எதுவும் எழுதிடாதே,” என்று சேர்த்துக்கொண்டார்.

மார்ச் 27, வியாழன்.

வழக்கு முடிந்தது. ஓட்டுநருக்கு வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. ஐயா கடிதத்தைத் தானே எழுதினார், அடித்து அடித்து மூன்று தடவை. எனக்கும் இப்போதைக்கு வேலை இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். நாளை செய்ய வேண்டியது: அலுவலகத்துக்கு அரை மணி முன்னதாகப் போய், அன்று கையெழுத்தான கட்டைப் பிரித்து, முதல் கோப்பை ஐயாவுக்கு முதல் வரியிலிருந்து உரக்கப் படித்துக் காட்ட வேண்டும்.